பன்னிரண்டாவது நாற்காலி

பெரிய வியாழக்கிழமைப் பூசைக்குப் பன்னிரண்டு பேரைப் பிடித்துத் தருவது ஆறு வருடம் என் பொறுப்பில் இருந்தது. கோவில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவைக்குச் செயலாளர் என்பது கேட்கத்தான் பெரிய பதவி. நாற்காலி போடுவது, மைக் சரிபார்ப்பது, ஆள் பிடிப்பது எல்லாம் அதில் அடக்கம். ஆண்டவர், சீடன் ஒருவனே காட்டிக்கொடுத்துப் பிடிபடுவதற்கு முன்னால், தம் பன்னிரண்டு சீடர்களின் கால்களைக் கழுவினார் அல்லவா, அதை நினைத்து அன்றைக்குப் பங்குச் சாமியார் பன்னிரண்டு பேரின் காலைக் கழுவித் துடைத்து முத்தமிடுவார். எசமான் வேலைக்காரனாக இறங்கிய நாள் என்று மறைக்கல்வி வகுப்பில் நானே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். நன்றாகவே சொல்வேன். பேச்சில் எனக்கு எப்போதும் குறை கிடையாது.

ஆள் பிடிப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. போன வருடம் உட்கார்ந்தவர் இந்த வருடமும் தன்னைக் கூப்பிடுவார்கள் என்று வேட்டியை இஸ்திரி போட்டு வைத்திருப்பார். கூப்பிடாவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். வருகிறவர்களும் சும்மா வருவதில்லை. நகம் வெட்டி, சோப்புப் போட்டுத் தேய்த்து, பவுடர் வரை பூசிக்கொண்டு வருவார்கள். சாமியார் குனிந்து கழுவும்போது அந்தக் கால்களில் கழுவுவதற்கு ஒன்றும் இருக்காது. எங்கள் கே.கே. நகர்ப் பக்கத்தில் பாதிப் பேர் என்னைப் போல ரிட்டயர் ஆகி, சாக்ஸ் போட்டு வாக்கிங் போகிறவர்கள்.

என் கதை இன்னும் மோசம். சர்க்கரை வந்து பன்னிரண்டு வருடமாகிறது. நாலு வருடமாக இரண்டு பாதமும் மரத்துப்போய்விட்டன. ஒரு நாள் கோவில் முற்றத்தில் செருப்பு கழன்றது தெரியாமலே நடந்து போயிருக்கிறேன். பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "சார், ஒத்தச் செருப்போட போறீங்க." கோவிலைக் கூட்டுகிற அம்மா, என் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து காலடியில் போட்டார். "கண்ணாடி டம்ளர் ஒடஞ்சு கெடந்துச்சு அங்க. நல்லவேளை," என்றார். அதற்குப் பிறகு நான் வாசலில் நுழையும்போதெல்லாம் முதலில் என் காலைப் பார்ப்பார்.

அவருக்கு ஐம்பதுக்கு மேல் இருக்கும். பதினேழு வருடமாகக் கோவில், பின்னால் உள்ள மண்டபம், சாமியார் பங்களா மூன்றையும் அவர்தான் பார்த்துக்கொண்டார். வீடு ஸ்ரீரங்கத்தில், மேலூர் ரோட்டைத் தாண்டி. விடிவதற்கு முன்பே ஒண்ணாம் நம்பர் பஸ்ஸைப் பிடித்து, இன்னொரு பஸ் மாறி வந்து, ஆறு மணிப் பூசைக்கு முன்னால் எல்லாக் கதவுகளையும் திறந்து வைத்திருப்பார். சாயங்காலம் திரும்பிப் போய் ஸ்ரீரங்கத்தில் ஒரு மாமி வீட்டில் பாத்திரம் தேய்ப்பார். வீட்டுக்காரர் இறந்துவிட்டார். ஒரே மகள். அந்தப் பெண் துவாக்குடியில் காலேஜ் பிள்ளைகள் தங்கும் ஒரு ஹாஸ்டல் மெஸ்ஸில் வேலை பார்த்தாள்.

நான் சொல்ல வந்த வருடம், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்துக்கு ஃபாதர் ஒரு தலைப்புக் கொடுத்தார். 'உழைப்பும் நீதியும்'. புதன்கிழமைதோறும் அன்பியங்களில், அதாவது தெருவாரியாகக் கூடி ஜெபிக்கிற கூட்டங்களில், அதைப் பற்றிப் பேச வேண்டும். பேசுவதற்கு ஆள் யார்? நான்தான். ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் முப்பது வருடம் யூனியனில் இருந்தவன். காண்ட்ராக்ட் முறை கூடாது என்று கேட் மீட்டிங்கில் தொண்டை கட்டக் கத்தியவன். அந்தத் தொண்டையை அப்படியே கோவிலுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மூன்றாவது புதன்கிழமை, திராட்சைத் தோட்டத்து முதலாளியின் கதையைச் சொன்னேன். காலையில் வந்தவனுக்கும், பொழுது சாயும் நேரத்தில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்த முதலாளி. கடைசியில் வந்தவனுக்கும் வீட்டில் உலை வைக்க வேண்டுமே, அவனை யாரும் கூப்பிடாதது அவன் குற்றமா, கடவுளின் நீதி வயிற்றைப் பார்த்துத்தான் கூலி தருகிறது என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் சுவரோரம் உட்கார்ந்திருந்த கோவிலம்மா கையைத் தூக்கினார். அவர் கூட்டத்தில் பேசி நான் பார்த்ததே இல்லை.

"மறுநாளும் அவரு அவங்களக் கூப்பிட்டாரா சார்?"

"யாரை?"

"அதான், கடைசியா வந்தவங்கள. ஒரு நாள் கூலி முழுசாக் குடுத்தாரு, சரி. மறுநாள் வேல இருந்துச்சா அவங்களுக்கு?"

"கதைல அது இல்லம்மா," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து பேரவைக் கூட்டம். ஒன்பது பேர். ஃபாதர் ஒரு காகிதத்தை எடுத்து வைத்தார். சுத்தம் செய்கிற ஏஜென்சி ஒன்று எழுதிக் கொடுத்திருக்கிறது. இரண்டு ஆள் வருவார்கள், யூனிஃபார்ம், தரை தேய்க்கிற மெஷின் எல்லாம் அவர்களுடையது. நமக்குத் தலைவலி இல்லை. இந்த அம்மாவைப் பதினேழு வருடமாகத் தற்காலிகம் என்றே வைத்திருக்கிறோம், இன்னும் வைத்திருந்தால் நாளைக்கு பி.எஃப்., இ.எஸ்.ஐ. என்று கேள்வி வரும், ஆடிட்டரும் எச்சரித்துவிட்டார் என்றார். ஃபாதர் கெட்டவர் இல்லை. சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

எனக்கு ஒரு வாக்கியம் தெரியும். 'பதினேழு வருஷம் தொடர்ச்சியா வேலை பார்த்தவங்க தற்காலிகம் கிடையாது, அவங்களை நிரந்தரம் பண்ணுங்க.' எங்கள் கேட் மீட்டிங்கில் இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று கணக்கே கிடையாது. அது நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து டீயும் மெதுவடையும் வந்தன. எல்லோரும் வடையைப் பிட்டார்கள். நானும் பிட்டேன். வாயில் கொழுக்கட்டை என்பார்கள்; எனக்கு வடையே போதுமாக இருந்தது. பிறகு தீர்மானத்தை நானே எழுதி நானே வாசித்தேன். மே மாதம் ஒன்றாம் தேதி முதல், ஒருமனதாக. முப்பது வருடம் மே தினத்தில் கொடியேற்றியவன் அந்தத் தேதியை என் கையாலேயே எழுதினேன். வெட்கமாக இருந்திருக்க வேண்டும். ஒன்றும் இல்லை. வடையில் உப்புக் கம்மி என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது.

எழுந்து போகும்போது ஃபாதர் என் தோளில் கை வைத்தார். "நீங்களே சொல்லிடுங்க சார். உங்க கிட்டதான் அந்த அம்மா நல்லாப் பேசும். பெரிய வாரத்துக்கு முன்னாடி சொல்றதா, அப்புறமான்னு நீங்களே பாத்துக்குங்க. மனசு கஷ்டப்படாமச் சொல்லுங்க."

மறுநாள் சொல்லத்தான் போனேன். அன்று காலை பட்டியல் எழுதும்போது பதினோரு பேர்தான் சேர்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது இடத்தில் அந்த அம்மாவை எழுதினேன். எதற்கு எழுதினேன் என்று இன்று வரை எனக்குச் சரியாகத் தெரியாது. வெளியே அனுப்புவதற்கு முன்னால் ஒரு மரியாதை என்று நினைத்திருக்கலாம். ஃபாதரிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்துவிட்டது. "ரொம்பப் பொருத்தம் சார். இந்த வருஷத் தலைப்பே அதுதானே," என்றார். எங்கள் இரண்டு பேருக்குமே அது ஒரு நல்ல யோசனையாகத்தான் பட்டது.

அந்த அம்மா பலிபீடத்துப் படியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சொல்ல வேண்டிய இரண்டு விஷயத்தில் ஒன்றை மட்டும் சொன்னேன். நல்லதை முதலில் சொல்வோம், மற்றது பின்னால் என்று எனக்கு நானே சமாதானம் செய்துகொண்டேன்.

துடைக்கிற துணியை வாளியில் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "என் காலையா சார்?"

"ஆமாம்மா."

"சாமி கழுவுவாரா? என் காலை?"

"எல்லாருக்கும்தானே கழுவுவாரு."

தன் காலையே குனிந்து பார்த்தார். குதிகால் முழுக்க வெடிப்பு. வருடக்கணக்கில் ஃபினாயிலும் ஆசிட்டும் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெளுத்துக் கிடந்தது. "கல்லு வச்சுத் தேச்சாப் போயிடும் சார், கொஞ்சம்," என்றார். நான் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். மற்றதை, பெரிய வியாழனுக்கு நாலு நாள் முந்தி வருகிற குருத்து ஞாயிறு முடிந்ததும் சொல்லலாம் என்று வைத்தேன்.

குருத்து ஞாயிறும் முடிந்தது. திங்கள் போனது, செவ்வாய் போனது. ஒரு நாள் ஆடியோக்காரர் பக்கத்தில் இருந்தார், ஒரு நாள் பாடகர் குழு இருந்தது. காரணத்துக்கா பஞ்சம். புதன்கிழமை பிற்பகல் நான் நாற்காலிகளைப் பலிபீடத்துக்கு முன்னால் வரிசை போட்டுக்கொண்டிருந்தபோது அவரே வந்தார். முகத்தில் ஒரு களை இருந்தது.

"சார், உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். எம்மவ வேல பாக்குற மெஸ்ல காய் நறுக்க ஆள் கேட்டாங்க. தங்குறதுக்கு எடம், சாப்பாடு எல்லாம் அங்கயே. மவ கூடயே இருக்கலாம். இன்னிக்குள்ள பதில் சொல்லணும்னாங்க."

"நல்லதாப் போச்சேம்மா," என்றேன். என் வேலையை ஆண்டவரே செய்து முடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"வேணாம்னு சொல்லிட்டேன் சார்."

நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஒரு மாசமா யோசன பண்ணிக்கிட்டுதான் இருந்தேன். இங்க நமக்கு என்ன நிரந்தரம், என்னிக்கு வேணா அனுப்புவாங்கன்னு மனசு அடிச்சுக்கிட்டே கெடந்துச்சு. நீங்க வந்து காலு கழுவுற விசயத்தச் சொன்னீங்களா, ஸ்ரீரங்கத்து மாமிகிட்டப் போயிச் சொன்னேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'எங்காத்துக் கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் கால் அலம்புவாடி. அலம்பிட்டா அதுக்கப்பறம் அந்த உறவு விட்டுப்போகாது. உங்க சாமியாரே உன் காலை அலம்பறார்னா உன்னை விடவே மாட்டா' அப்படின்னாங்க. எனக்கும் அதுதான் பட்டுச்சு சார். காலைத் தொட்டுக் கழுவுனவங்க எப்படி போன்னு சொல்லுவாங்க? அவங்க சொல்ல மாட்டாங்கன்னா, நான் மட்டும் விட்டுட்டுப் போறது நல்லாவா இருக்கும்? மவ கோச்சுக்கிட்டா. கோச்சுக்கட்டும்."

மணி மூன்றுகூட ஆகவில்லை. மெஸ்ஸில் பதில் கேட்டிருந்தது அன்றைய பொழுதுக்குள். 'உடனே போன் பண்ணி வரேன்னு சொல்லுங்கம்மா. உங்களை இங்க அனுப்பப் போறாங்க.' இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. என் சட்டைப்பையிலேயே போன் இருந்தது. சொன்னால் நாளைக்குப் பன்னிரண்டாவது நாற்காலி காலியாகிவிடுமே, ஆளுக்கு எங்கே போவது என்ற நினைப்புதான் முதலில் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

"சரிம்மா," என்றேன். அவர் இன்னொரு நாற்காலியைத் தூக்கிவந்து என் வரிசையில் சேர்த்துவிட்டுப் போனார்.

வியாழன் மாலை கோவில் நிரம்பி வழிந்தது. ஃபாதரின் பிரசங்கம் அன்று போல் என்றும் இருந்ததில்லை. உழைப்பவர் கூலியைப் பிடித்து வைப்பது பீடத்தில் இருக்கிற அப்பத்தையே திருடுவதற்குச் சமம், நீதி இல்லாத இடத்தில் வழிபாடு வெறும் சத்தம் என்றார். முன்வரிசையில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அவர் நடிக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவர் நம்பித்தான் பேசினார். நானும் புதன்கிழமைகளில் நம்பித்தான் பேசினேன்.

எங்கள் கோவிலில் செயலாளர்தான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று ஒரு வழக்கம். ஃபாதர் முழந்தாளிட்டு ஒவ்வொரு நாற்காலியாக நகர்ந்தார். வழக்கம்போல வெள்ளை வேட்டி, வழக்கம்போலப் பவுடர் வாசனை. பன்னிரண்டாவது நாற்காலியில் அந்த அம்மா நீலச் சேலையில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் இரண்டு காலையும் தூக்கித் தாம்பாளத்தில் வைத்துவிட்டார். "ஒரு கால் போதும்மா," என்று ஃபாதர் மெல்லச் சொன்னார். அவர் அவசரமாக இடது காலைக் கீழே இறக்கினார். கல் வைத்துத் தேய்த்ததில் குதிகால் வெடிப்பு ஓரங்களில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. நான் ஊற்றினேன். ஃபாதர் கழுவினார், துடைத்தார், குனிந்து முத்தமிட்டார். அந்த அம்மா அழவில்லை. தரையில் சிந்திய தண்ணீரைப் பார்த்துவிட்டு, துணி எங்கே என்று கண்ணால் தேடினார். அந்தத் தண்ணீரில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தபோதுதான் இரண்டு சாக்ஸும் சொட்டச் சொட்ட நனைந்திருப்பது தெரிந்தது.

ஈஸ்டர் முடிந்து செவ்வாய்க்கிழமை சொன்னேன். இனித் தள்ளிப்போட நாள் இல்லை. பீடத்தில் வாடிப்போன லில்லிப் பூக்களை ஒரு சாக்கில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். வாக்கிங் போகும்போது வேறு விதமாகச் சொல்லிப் பழகியிருந்தேன். வாயைத் திறந்ததும் தீர்மானம்தான் வந்தது. நிர்வாகக் காரணங்களை முன்னிட்டு, மே ஒன்றாம் தேதி முதல் என்று நானே எழுதியதை அவர் முன்னால் ஒப்பித்தேன்.

கேட்டு முடித்தார். கையில் இருந்த பூவைச் சாக்கில் போட்டார்.

"எப்ப முடிவு பண்ணுனீங்க சார்?"

"குருத்து ஞாயிறுக்கு முன்னாடி."

"அப்ப புதன்கெழம நான் வந்து சொல்றப்ப உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"காலு கழுவுறப்ப சாமிக்கும் தெரியும்."

"தெரியும்."

நான் போனை எடுத்தேன். மெஸ் நம்பரைக் கேட்டேன். மகளின் நம்பரைச் சொன்னார். அந்தப் பெண்ணிடம் பேசினேன். "வெள்ளிக்கெழமயே வேற ஆள் வந்துட்டாங்க சார். அம்மாதான் வேணாம்னுச்சே," என்றாள். சரிம்மா என்று வைத்தேன். அந்த ஒரு சொல்தான் எனக்கு எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது.

இப்போது அவர் ஸ்ரீரங்கத்தில் மாமி வீட்டோடு சேர்த்து அபார்ட்மெண்ட் ஒன்றில் மாடிப்படி கூட்டுகிறார் என்று கேள்விப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எங்கே போகிறார் என்று தெரியாது. எங்களிடம் வருவதில்லை. ஏஜென்சி ஆட்கள் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மாறுகிறார்கள். யார் காலையும் அவர்கள் பார்ப்பதில்லை. செயலாளர் பொறுப்பு இப்போது வேறு ஒருவரிடம். இந்த வருடம் பட்டியலை அவர்தான் போட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போனைப் பையில் போட்டுவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவர் கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தினால் பதில் சொல்லத் தெரியும் எனக்கு, பழக்கம் இருக்கிறது. அவர் பீடத்துப் படியில் உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தார். புதன்கிழமைக் கூட்டத்தில் கையைத் தூக்கியபோது இருந்த அதே முகம்.

"சார், ஆண்டவருக்கும் தெரியும்ல, யாரு காட்டிக்குடுக்கப் போறான்னு?"

"தெரியும்மா."

"தெரிஞ்சேதான அவன் காலையும் கழுவுனாரு?"

"ஆமாம்மா. அவன் காலையும்தான்."

அவர் தன் வலது காலைப் பார்த்தார். வெடிப்பில் இன்னும் பொருக்கு உதிரவில்லை.

"நான் யாரையும் காட்டிக்குடுக்கலியே சார்," என்றார்.

பிறகு எழுந்து சாக்கின் வாயைக் கட்டினார். போகும்போது ஒரு தடவை திரும்பி, நான் செருப்புப் போட்டிருக்கிறேனா என்று பார்த்துவிட்டுப் போனார்.